கற்பித்தல் ஃபெல்லோஷிப் விண்ணப்பம்: "நான்" என்று எழுதக் கை வரவில்லை

வாசகர் கேள்வி: 18 ஜனவரி 2025, மாலை 6.15

அக்கா, நானும் மலேசியாவுல சுங்கை சிப்புட்காரன்தான், லிந்தாங் ரோட்டுப் பக்கம். ஒன்பது வருசமா டிப்ளமா பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருசம் பிரிட்டன் உயர்கல்வி அமைப்பான அட்வான்ஸ் எச்இ தர்ற கற்பித்தல் ஃபெல்லோஷிப்புக்கு எழுதிப்போடச் சொல்லி டீன் கேட்டுக்கிட்டே இருக்கார். விண்ணப்பப் பாரத்தைத் திறந்தா என் வேலையைப் பத்தி நானே 3000 சொல் எழுதணுமாம். ஒரு வாரமா ஒரு பக்கம்கூட நகரல. எனக்கு ரெண்டு சந்தேகம். பிஎச்டி இல்ல, ஆய்வுக் கட்டுரை இல்ல, எனக்கெல்லாம் கிடைக்குமா? ரெண்டாவது, "நான் அதைச் செஞ்சேன், நான் இதைச் செஞ்சேன்"னு பக்கம் பக்கமா எழுதுறது தற்பெருமை இல்லையா? நம்ம வீட்டுல அப்படி வளர்க்கலையே.

18 ஜனவரி, இரவு 10.40

தம்பி, முதல் சந்தேகம் சீக்கிரம் தீரும். பிஎச்டி கேட்பதில்லை. கட்டுரைப் பட்டியலும் கேட்பதில்லை. இந்த ஃபெல்லோஷிப்பில் நான்கு படி உண்டு: இணை ஃபெல்லோ, ஃபெல்லோ, மூத்த ஃபெல்லோ, முதன்மை ஃபெல்லோ. உங்களுக்கு உரியது இரண்டாவது. பாடத்தைத் திட்டமிடுவது, நடத்துவது, மதிப்பிட்டுக் கருத்துச் சொல்வது, மாணவருக்குத் துணை நிற்பது, தன் தொழிலில் தன்னை வளர்த்துக்கொள்வது என்று ஐந்து வேலைகள். ஐந்தையும் செய்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். அதோடு ஆறு வகை அறிவு, நான்கு விழுமியம். ஒன்பது வருடம் வகுப்பில் நின்றவரிடம் இதெல்லாம் இல்லாமல் போகாது.

இரண்டாவது சந்தேகம் என்னையும் இரண்டு வருடம் முடக்கிப் போட்டது. 2019-ல் நான் முதலில் அனுப்பியது திரும்பி வந்தது. என்ன செய்தீர்கள் என்று தெரிகிறது, ஏன் செய்தீர்கள் என்று தெரியவில்லை, எதற்கும் ஆதாரம் இல்லை என்றார்கள். எனக்குக் கோபம். ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. பிறகு எடுத்துப் படித்தால், அவர்கள் சொன்னது சரி. "மாணவர் மையக் கற்றல் பின்பற்றப்படுகிறது", "குழு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படுகின்றன" என்று வரிசையாக எழுதியிருந்தேன். யார் பின்பற்றுகிறார்கள், யார் மேற்கொண்டார்கள், ஒன்றும் இல்லை. அடக்கமாக இருக்கிறேன் என்று நினைத்து என்னை முழுசாகவே எடுத்துவிட்டிருந்தேன். படிக்கிறவர் எதை வைத்து மதிப்பிடுவார்?

"நான் சிறந்த ஆசிரியர்" என்று எழுதினால் அது தற்பெருமை. "மூன்றாம் வாரம் என் பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் இதை மாற்றினேன், மாற்றியபின் இது நடந்தது" என்று எழுதினால் அது கணக்கு ஒப்படைப்பது. உங்கள் தொழிலே அதுதானே.

19 ஜனவரி, காலை 6.50

பசியாறிக்கொண்டே எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும். நேற்று ஒன்று விட்டுப்போனது. உங்கள் கேள்வியில் "கிடைக்குமா" என்று இருந்தது. இது போட்டி இல்லை. ஒரு தரம் வைத்திருக்கிறார்கள், அதை எட்டினால் கிடைக்கும். பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்ததால் உங்களுக்குக் குறையாது.

போட்டியாக நடப்பது வேறு. பிரிட்டனில் தேசியக் கற்பித்தல் ஃபெல்லோஷிப் 2000-ல் தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகம் மூன்று பேர் வரைதான் முன்மொழியலாம். அது அங்குள்ளவர்களுக்கு. கனடாவில் 1986 முதல் 3எம் நிறுவனத்தின் பெயரில் ஒன்று நடக்கிறது, அதுவும் அங்குள்ளவர்களுக்கே. இணையத்தில் தேடினால் எல்லாம் கலந்து வரும். அந்த வெற்றியாளர்களின் அறிக்கையைப் படித்துவிட்டு மலைத்துப் போகாதீர்கள். நானும் அப்படித்தான் மலைத்தேன்.

26 ஜனவரி, மாலை

திருத்தம். முதல் குறிப்பில் ஆறு வகை அறிவு, நான்கு விழுமியம் என்று எழுதியது பழைய கணக்கு. நான் எழுதியது 2011-ல் வந்த தரச் சட்டகத்தின்படி, இந்த ஃபெல்லோஷிப்பை மதிப்பிடுவது அதை வைத்துத்தான். 2023-ல் அதைத் திருத்திவிட்டார்கள். இப்போது ஐந்து வேலை, ஐந்து அறிவு, ஐந்து விழுமியம். இரண்டாம் படிக்கு இந்தப் பதினைந்தும் விண்ணப்பத்தில் தெரிய வேண்டும். முதல் படிக்கு ஐந்து வேலையில் இரண்டு இருந்தால் போதும். உங்கள் கையில் உள்ள மாதிரி விண்ணப்பத்தில் "கே6" என்று (ஆறாவது வகை அறிவுக்கான குறி) எங்காவது இருந்தால் அது பழசு, ஓரமாக வையுங்கள். என்னால் தப்பான பாரத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் மன்னிக்கணும் தம்பி.

புதிதில் மூன்றாவது விழுமியத்தை நிதானமாகப் படியுங்கள். புலமை, அல்லது ஆய்வு, அல்லது தொழில்சார் கற்றல், அல்லது ஆதாரத்தின் அடிப்படையிலான வேறு அணுகுமுறை. அதில் வரும் "அல்லது" ஒவ்வொன்றும் உங்களைப் போன்றவருக்காகத் திறந்த கதவு. ஆய்வுக் கட்டுரை இல்லை என்ற கவலைக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

"ஏன்" என்பதை எப்படி எழுதுவது, ஒரு எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதையே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் நடத்துவது புள்ளியியல். தாதிமைப் படிப்பு, வணிகப் படிப்பு இரண்டிலும் முதலாமாண்டுப் பிள்ளைகள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலை ஆட்டுவார்கள். தேர்வுத் தாளில் திட்ட விலக்கமும் (தனித்தனி அளவுகளின் சிதறல்) திட்டப் பிழையும் (மாதிரிச் சராசரிகளின் சிதறல்) இடம் மாறிக் கிடக்கும். வருடா வருடம் இதே கதை.

எனக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். ஆறு வருடம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. அங்கிருந்து இடைநிலைப்பள்ளியில், மலாய் பழகுவதற்கான புகுமுக வகுப்பு. அந்த ஒரு வருடம் முழுக்க மலாய் வாயில் சரியாக வராது என்ற பயத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆசிரியர் "ஃபாஹாம்?" (புரிந்ததா?) என்பார். எல்லோரோடும் சேர்ந்து "ஃபாஹாம், சிக்கு" (புரிந்தது, டீச்சர்) என்பேன். ஒன்றும் புரிந்திருக்காது.

அதனால் வாயால் கேட்பதை நிறுத்தினேன். வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கையகலத் தாள் கொடுத்து, இன்று எது குழப்பியது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர் 1989-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் பாடத்துக்காரரே என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதல் வாரமே ஒரு தாள் வந்தது. மாதிரியின் அளவைக் கூட்டினால் திட்ட விலக்கமும் குறையுமா என்று மலாயில் எழுதியிருந்தது. அந்த ஒரு கேள்வியில் முழுக் குழப்பமும் இருந்தது. அடுத்த வகுப்புக்கு ஒரு பிஸ்கட் டின் கொண்டுபோனேன். உள்ளே 200 சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு செம்பனை (பாமாயில் பனை) குலையின் எடை. ஒரு பாதி வகுப்பு நான்கு நான்கு சீட்டாக எடுத்துச் சராசரி போட்டது. மறு பாதி பதினாறு பதினாறாக. பலகையில் இரண்டு கோடு கிழித்து, வந்த சராசரிக்கெல்லாம் புள்ளி வைத்தோம். பதினாறு எடுத்தவர்களின் புள்ளிகள் ஏறக்குறையப் பாதி அகலத்துக்குள் நெருங்கி நின்றன. டின்னுக்குள் இருந்த குலைகளோ அப்படியே இருந்தன, ஒன்றுகூட எடை மாறவில்லை. ஒரு பையன் எழுந்து, "அப்போ குலைங்க ஒன்னும் மாறல டீச்சர், நாம போடுற சராசரிதான் ஆடாம நிக்குது" என்றான். திட்டப் பிழைக்கு நான் வருடக்கணக்கில் கொடுத்த எந்த விளக்கமும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வராது.

இதில் எல்லாமே இருக்கிறது பாருங்கள். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற அறிவு, வாய் திறக்காதவருக்கும் வழி விடும் விழுமியம், என் பாடத்தை நானே சோதித்தது. இவற்றைத் தனித்தனியாகத் தேடி எழுதினால் பட்டியல் ஆகிவிடும். ஒரு நிகழ்ச்சியை நேர்மையாக எழுதினால் அதற்குள்ளேயே வந்துவிடும். பிறகு உரிய இடத்தில் அறிவுக்கு "கே1", விழுமியத்துக்கு "வி2" என்று குறித்தால் போதும்.

12 பிப்ரவரி, தைப்பூசத்துக்கு மறுநாள்

நேற்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது தாதியாக இருக்கிறாள். கையில் பால்குடத்தோடு அவள் அக்கா முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தபடியே பேசினோம். எது குழப்பியது என்று எழுதும் அந்தச் சீட்டு முறை பெயர் இல்லாததால்தான் நன்றாக வேலை செய்தது என்று சொன்னேன். "இல்ல மிஸ்" என்றாள். "எங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் படிச்சு, இதை யோசிச்சுத்தான் கேட்டிருக்காங்கன்னு சொல்வீங்க. அதுக்காகத்தான் எழுதினோம்."

என் விண்ணப்பத்தில் பெயரின்மையைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. மதிப்பிட்டவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் காரணத்தை நான் தப்பாகப் பிடித்திருக்கிறேன். ஆறு வருடம் கழித்து ஊர்வலக் கூட்டத்தில் தெரிகிறது. ஏன் அன்றே அவர்களிடம் கேட்கவில்லை என்று இராத்திரி முழுக்க மனதில் ஓடியது.

ஆகவே 2-ஆம் தேதிக் குறிப்பில் இதைச் சேர்த்துப் படியுங்கள் தம்பி: காரணம் என்று நீங்கள் நினைப்பதை எழுதுவதற்கு முன், பிள்ளைகளில் நாலு பேரிடமாவது கேளுங்கள்.

23 பிப்ரவரி

உங்கள் அம்மா தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்து படிக்க வைத்ததை எழுதலாமா என்று கேட்டீர்கள். இதில் என் எண்ணம் இரண்டு முறை மாறியது.

முதல் விண்ணப்பத்தில் என் அப்பா பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்) என்று தொடக்கத்திலேயே போட்டிருந்தேன். படிக்கிறவர் மனம் இளகட்டும் என்ற எண்ணம் இருந்தது, மறைக்க மாட்டேன். திரும்பி வந்ததும் வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன். வகுப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. மூன்றாவது முறை உட்கார்ந்தபோதுதான் அது எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அப்பா புது ஆட்களுக்குப் பழக்கிவிடுவார். விடியுமுன் பெரட்டு (ஆள் எண்ணி வேலை பிரிப்பது), அதன்பின் நிரை (அவரவர் மர வரிசை). வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும், அப்போதுதான் பால் குழாய்கள் அதிகம் அறுபடும். ஒரு வெட்டுக்குப் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் போக வேண்டும். ஆழம் தப்பி உள் தோலில் உளி பட்டால் மரம் காயப்பட்டுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. இதையெல்லாம் அப்பா வாயால் சொல்லித் தரவில்லை. அடுத்த நடவுக்காக அழிக்கப்போகிற பழைய மரங்களிடம் கூட்டிப்போய், "இதுல பழகு, இதுல தப்புப் பண்ணு" என்பார். கை பழகிய பிறகுதான் நல்ல மரம்.

என் வகுப்பில் மார்க் இல்லாத சோதனைகளை நான்கு வாரம் வைத்து, ஐந்தாம் வாரம்தான் மார்க் உள்ளதை வைப்பேன். ஏன் என்று கேட்டால் அந்தப் பழைய மரம்தான். அந்த இடத்தில் அப்பாவை எழுதினேன், நான்கு வரி. அங்கே அவர் ஒரு முடிவின் காரணமாக நிற்கிறார். உங்கள் அம்மா எந்த முடிவில் இருக்கிறார் என்று யோசியுங்கள். இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இல்லை என்றால் அம்மாவை அந்தப் பாரத்துக்குள் இழுக்க வேண்டாம். அவர் பட்ட பாட்டுக்கு அந்தப் பாரத்தின் அங்கீகாரம் தேவையில்லை.

பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா அதன் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

9 மார்ச்

வரைவு கிடைத்தது. முதல் பக்கம் சேட்ஜிபிடி எழுதியது என்று நீங்களே சொன்னது நல்லது. சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். அதில் ஒரு வகுப்பறைகூட இல்லை. எந்த நாட்டில் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் பக்கம் அது. மூன்றாம் பக்கத்தில், வட்டிக் கணக்கை அம்மாவின் சீட்டுப் பணத்தை வைத்து விளக்கியதாக ஒரு வரி இருக்கிறதே, அது நீங்கள். அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதுதான் தடை என்றால், நான் செய்ததைச் செய்து பாருங்கள். காரில் ஈப்போ போகும் வழியில் கைப்பேசியில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தேன், தங்கச்சிக்குக் கதை சொல்வது போல. ஒரு நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம். இராத்திரி அதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். மொழி எளிமையாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

16 மார்ச்

மாணவர் மதிப்பீடு 5-க்கு 4.6 என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எத்தனை பேர் வகுப்பில், எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? நீங்கள் அனுப்பிய தாளில் 64-க்கு 11. அந்த 53 பேர் என்ன நினைத்தார்கள்? பதில் எழுதாதவர்கள் எழுதியவர்களைப் போலவே நினைக்கிறார்கள் என்று கொள்ள நமக்கு உரிமை இல்லை. புள்ளியியல் நடத்துகிறவளால் இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. எண்ணை எடுக்க வேண்டாம். 11 பேர் என்று சேர்த்து எழுதுங்கள். அதற்கடுத்து அந்த 53 பேரை அறிய வேறு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஒன்றும் செய்யவில்லை என்றால் இந்தப் பருவம் முடியவில்லை, இன்னும் செய்யலாம். எரிக் மஸூர் 1991 முதல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் செய்தது எளிது. ஒரு கருத்துக் கேள்வி, தனியாக ஒரு தடவை பதில், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, மறுபடி பதில். இரண்டு முறையும் கை எண்ணி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அன்றைய வகுப்பில் இருந்த எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். விலைக் கழிவுக்கும் வருமானத்துக்கும் உள்ள குழப்பத்தில் முயன்று பாருங்கள்.

17 மார்ச்

நேற்றையது கடுமையாக இருந்ததோ என்று யோசனை. உங்கள் வகுப்பு நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை தம்பி. நல்ல வகுப்பை அரைகுறை எண்ணின் மேல் நிறுத்த வேண்டாம் என்றேன்.

30 மார்ச், நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள்

மறுபடி "நாங்கள்". புது வரைவில் 22 இடத்தில் இருக்கிறது. எண்ணினேன். "நாங்கள் பாடத்திட்டத்தை மாற்றினோம்." அதில் நீங்கள் செய்தது என்ன? மாற்றக் கேட்டது நீங்களா, புது வினாத்தாள் எழுதியது நீங்களா? கூட இருந்தவர்களின் பங்கை மறைக்கச் சொல்லவில்லை. சேர்ந்து உழைப்பதற்கென்றே 2023 சட்டகத்தில் ஐந்தாவது விழுமியம் வந்திருக்கிறது. கூட்டத்தில் உங்கள் கை எது என்று காட்டச் சொல்கிறேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், நம் சுங்கை சிப்புட்டிலிருந்து போய் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். தாத்தா போட்டார். "நாங்க தோட்டம் வாங்கினோம்" என்றுதான் கடைசி வரை சொன்னார், நான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அலமாரியில் வைத்திருந்த பங்குப் பத்திரத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொருவர் போட்டதும் அவரவர் பெயரில் எழுதப்பட்டதால்தான் அந்த "நாங்க" நின்றது. அந்தப் பத்திரத்தைப் போல எழுதுங்கள்.

ஆதரவுக் கடிதம் தருபவர்கள் உங்கள் வகுப்பை நேரில் பார்த்தவர்களாக இருக்கட்டும். பெரிய பதவியில் இருப்பவர் வேண்டும் என்று ஓடாதீர்கள்.

20 ஏப்ரல்

முழுசாக இரண்டு முறை படித்தேன். கழிவுக் கேள்வியில் முதல் தடவை 19 கை, பேசியபின் 41 கை, அதன்பிறகும் தப்பாகவே நின்ற எட்டுப் பேரைத் தனியாக அழைத்துக் கேட்டது. இந்தப் பக்கத்தைப் படித்ததும் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்குப் பாடத்தில் குழப்பமில்லை, கேள்வியில் இருந்த ஆங்கிலச் சொல்தான் புரியவில்லை என்று கண்டுபிடித்தீர்களே, அதை இரண்டாம் பக்கத்தில் ஒளித்து வைக்க வேண்டாம். முன்னால் கொண்டுவாருங்கள்.

பிள்ளைகள் குழப்பத்தை எழுதித் தந்த சீட்டுகளின் படத்தைச் சேர்க்கலாமா என்றால், எழுதிய பிள்ளைகளிடம் அனுமதி கேட்டபிறகு சேர்க்கலாம்.

நான்காம் பத்தியில் "பல மாணவர்கள்" என்பதை எண்ணாக மாற்றுங்கள். அம்மாவின் சீட்டுப் பணம் இருக்கும் இடம் சரி. மற்றதைத் தொட வேண்டாம், திங்கட்கிழமை அனுப்பிவிடுங்கள்.